ராகு காலம் முடிந்த நொடி

அத்தியாயம் 9

குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்து மூன்று மாதம் கழித்து அதே குற்றம் மறுபடி நடந்தால், துப்பறிகிறவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை. அதனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அந்தப் பீங்கான் கம்பெனிக்குள் நுழைந்தேன்.

"கழட்டுடா. திருட வந்தவனாட்டம் இருக்குது," என்றார் நாயகி அக்கா.

முழுப் பெயர் செல்வநாயகி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு, ரிட்டயர்டான மறுமாதமே விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மாடி பிடித்துத் துப்பறியும் நிலையம் திறந்தவர். நான் ஷாருக், அவருடைய உதவியாளன். சென்னையில் ரூட்டர் செய்கிற கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷம் புரோகிராம் எழுதினேன். அங்கே வாய் அதிகம் என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா அதே வாய்க்காக வேலை கொடுத்தார்.

சூளைக்கு முன்னால் உடைந்த பீங்கான் குவியலாகக் கிடந்தது. கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர்கள். பக்கத்தில் முதலாளி கோதண்டபாணி, நெற்றி நிறைய விபூதியும் கண் நிறையக் கோபமுமாக நின்றார்.

"வாங்க மேடம். நீங்க புடிச்சுக் குடுத்த ஆளு போயிட்டான். அவன் புடிச்சு வச்ச சனியன் மட்டும் போவ மாட்டேங்குது. போன வெள்ளிக்கிழம மறுபடியும் இந்தக் கூத்து."

கதை இதுதான். இந்தச் சூளையை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி நடத்துகிறது. காஸ் வால்வை எவ்வளவு திறப்பது, எப்போது குறைப்பது, எல்லாம் அதன் பொறுப்பு. வருஷ ஆரம்பத்தில் மூன்று முறை, சூளை பற்றவைத்த உடனே பெட்டி செத்துப்போனது. வால்வு திறந்தது திறந்தபடி நின்றது. ஈரம் காயாத பச்சைப் பொருள் படபடவென்று வெடித்தது. எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் பெட்டியை ஆராய்ந்து ரிப்போர்ட் கொடுத்தோம்: "பெட்டியின் சுவிட்சை மனிதக் கைதான் அணைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அருகில் இருந்த ஒரே ஆள் சூளைக்காரர் கொளஞ்சிநாதன்." இருபத்திரண்டு வருஷம் அங்கே நெருப்பைப் பார்த்துக்கொண்ட மனிதர், "என் கை பட்டுத்தான் நின்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவருக்குப் பதிலாகப் பாரி என்கிற இளைஞன் வந்தான்.

இப்போது நாலாவது முறை. கொளஞ்சிநாதன் ஐந்து கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருக்கும்போது.

"போறப்ப பெட்டிக்குள்ள எதையோ வச்சுட்டுப் போயிருக்கான்," என்றார் கோதண்டபாணி. "சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ண்ட் குடுக்கப் போறேன். எங்க பார்ட்னர் அமீனுதீன் பாயும் ஷார்ஜாவுலேர்ந்து அதத்தான் சொல்றாரு. நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

"ஒரு வரிதானே, எழுதிடலாம்," என்றார் அக்கா. "என்ன எழுதறதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதறோம்."

 போன முறை அந்த வரியை எழுதியது நான். அக்கா கையெழுத்து மட்டும்தான் போட்டார்.

அக்கா பாரியைக் கூப்பிட்டார். பையன் வந்தான். அடுத்த கொளஞ்சிநாதன் தான்தானோ என்ற பயம் அவன் முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

"நாலு தடவையும் என்னைக்கு, எத்தன மணிக்கு? சொல்லுப்பா."

சூளை நோட்டைப் பார்த்துப் படித்தான். "வெள்ளி பன்னெண்டு மணி. திங்கள் ஒம்போது மணி. வியாழன் மூணு மணி. இப்ப வெள்ளி பன்னெண்டு மணிங்க."

"பேய்கிட்ட நல்ல வாட்ச் இருக்குதுபோல," என்றேன்.

"வாய மூடு. ஏம்பா, மத்த கெழமைல எப்ப பத்த வைப்பீங்க?"

"செவ்வாய்னா நாலரை. புதன்னா ஒன்றரை. சனிக்கிழம பத்தரைங்க."

"அந்த நாள்ல என்னைக்காவது வெடிச்சிருக்குதா?"

"ஒரு நாளும் இல்லீங்க. சுத்தமா எரியும்."

 அக்கா நேராகச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியிடம் போய், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு.

"கோதண்டபாணி சார், நீங்க ராகு காலம் பாப்பீங்களா?"

"பாக்காம? நெருப்பு சம்பந்தப்பட்டது இல்லீங்களா? ராகு காலம் முடிஞ்ச நொடியே பத்த வச்சிடணும். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"நொடின்னா?"

"நொடின்னா நொடிதாங்க." அவர் கொட்டகை வாசலுக்குப் போய், போனை எடுத்துக் கிழக்கே பார்த்து நின்று காட்டினார். "அப்பாவுக்கு தீப்பெட்டி. எனக்கு இந்த போன் ஆப்பு. கட்டைவெரல ஸ்டார்ட் பட்டன் மேல வச்சுக்கிட்டே நிப்பேன். போன்ல பன்னெண்டு விழுந்துச்சா, அமுக்கிடுவேன். ஒரு நொடி முன்னப் பின்ன ஆவாது."

"நல்லது," என்றார் அக்கா. "ராகு முழு மணிக்கு முடிஞ்சா வெடிக்குது. அரை மணிக்கு முடிஞ்சா வெடிக்கல. ஷாருக்கு, ராகுவுக்கு முழு மணி மேல என்னடா கோவம்?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

"ராகுவுக்கு இல்லக்கா. ஷார்ஜாவுக்கு."

"என்னடா ஒளறுற?"

"அமீனுதீன் பாய் அங்க உக்காந்துக்கிட்டு சூளை நிலவரம் பாக்கணும்ல? ஒவ்வொரு முழு மணிக்கும் பெட்டி பழைய லைனை அறுத்துட்டு, புது லைன் போட்டு அவருக்கு நிலவரம் அனுப்புது. சரியா அந்த நொடிதான் இவரு ஸ்டார்ட்டை அமுக்குறாரு. அதுவும் நெட்வொர்க் வழியாத்தான் பெட்டிக்குள்ள போவுது."

"இது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவையே பாத்தேன்."

பார்த்தேன், உண்மைதான். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன். அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

"சரி, ஒரே நேரத்துல ரெண்டு வேல. அதனால என்ன? நம்ம பஸ் ஸ்டாண்டுல ஒரே நேரத்துல பத்து பஸ்ஸு கெளம்புது. எல்லாமா மோதிக்குது?"

அதற்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறக்கும் முன்பே கொட்டகையின் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அங்கே ஆதிலட்சுமி என்ற பெண், பலகையில் அடுக்கியிருந்த இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிப் பூச்சுக் கரைசலில் முக்கி வைக்கிற வேலையில் இருந்தார்கள். கை ஓடுகிற வேகத்தில் பலகையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. முந்தானையில் முகத்தைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில் ஒருத்தி வந்து, வேலை முடிந்தது என்று நினைத்துப் பலகையைத் தூக்கிப் போய்விட்டாள். காலியான இடத்தில் இன்னொருத்தி வர்ணம் பூசி முடித்த பிள்ளையார் பொம்மைப் பலகையை வைத்துவிட்டாள். ஆதிலட்சுமி பாராமலே கையை நீட்டி, எடுத்து, முக்கிவிட்டார்கள்.

"அடி பாவி! பலகைய எடுக்கறவ ஒரு வார்த்த சொல்லிட்டு எடுக்க மாட்டியா? புள்ளையார குளிப்பாட்டிட்டேன் பாரு!"

"நீதானக்கா முடிஞ்சிடுச்சுன்னு எழுந்திரிச்ச?"

"மூஞ்சி தொடைக்கக் கூடாதா நானு?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"இதுவா?" என்றார் மெல்ல. "பெட்டிக்குள்ள இப்படியும் நடக்குமா?"

"இதேதான்க்கா."

கோதண்டபாணிக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அந்தப் பெட்டிக்குள் எல்லா வேலைக்கும் இடம் பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி ஒருவன் உண்டு. கெர்னல் என்று பெயர், பட்டாளத்துக் கர்னல் இல்லை. லைன் போட்டால் அதற்கு நினைவகத்தில் கொஞ்சம் இடம் தருவான். லைனை அறுத்தால் இடத்தைத் திரும்ப வாங்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவான். ஒரு கை லைனை அறுத்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கிற அதே கணத்தில், இன்னொரு கை ஸ்டார்ட் ஆணையைப் பிடித்துக்கொண்டு, அந்த இடம் இன்னும் தன்னுடையதுதான் என்று நினைத்து எழுதினால்? வேறு எவனுடையதோ பாழாகும். பெட்டி மூச்சு நின்று போகும். முதலில் யார் என்று பூட்டுப் போட்டு வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். கெர்னலின் நெட்வொர்க் பகுதியை எழுதியவர்கள் அந்த ஓர் இடத்தில் பூட்டை மறந்துவிட்டார்கள்.

"அப்ப தெனமும் வெடிக்கணுமே?" என்றார் முதலாளி.

"கண்ண மூடித் தொறக்கறதுல ஆயிரத்துல ஒரு பங்குங்க. ஒத்து வந்தாத்தான் வெடிக்கும். நீங்க மட்டும் அஞ்சு நிமிஷம் சோம்பேறியா இருந்திருந்தா ஒரு நாளும் ஒத்து வந்திருக்காது."

"நிரூபி," என்றார் அக்கா.

காஸ் வால்வைப் பாரி கையால் அடைத்தான். பெட்டியின் முதுகில் ஒரு கேபிளைச் சொருகி என் லேப்டாப்பில் இணைத்தேன். சாகிற பெட்டி கடைசியாக முணுமுணுப்பது டிஸ்க்கில் பதியாது, ஆனால் இந்தக் கேபிளில் வந்துவிடும். பிறகு ஷார்ஜா லைனை மணிக்கு ஒரு முறைக்குப் பதிலாக நொடிக்கு ஒரு முறை அறுத்துக் கட்டச் சொன்னேன். அதே நொடியில் ஸ்டார்ட் ஆணையும் போய்க்கொண்டே இருக்க ஏற்பாடு செய்தேன். அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு முறுக்கு தின்ன ஆரம்பித்தார். அரை மணி ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

சொல்லவே கூசுகிறது. நடக்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். நடக்காவிட்டால் என் ரிப்போர்ட் சரி. ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போவார், என் எழுத்து நிற்கும். அப்படியும் ஒரு புத்தி மனிதனுக்கு இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாவது முறை பச்சை விளக்கு சிவப்பானது. லேப்டாப்பில் கடைசி வரி வந்து விழுந்தது: திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தைத் தொட்டேன் என்று பெட்டியே சொல்லிவிட்டு அடங்கியது. பதினோரு நிமிடம் கழித்து அது தானாக எழுந்தது. அதன் பதிவேட்டைத் திறந்தேன். செத்த நேரம் வெறும் இடைவெளி, அப்புறம் புதிதாகத் தொடக்கம். சுவிட்சைக் கையால் அணைத்தால் எப்படித் தெரியுமோ அச்சு அசல் அப்படியே.

மூன்று மாதத்துக்கு முன் நான் பார்த்தது இந்த இடைவெளியைத்தான். இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். சென்னையில் இரண்டு வருஷம் புரோகிராமுக்குள் ஒளிந்திருக்கும் இதே மாதிரிப் பூச்சியோடுதான் மல்லுக்கட்டினேன். கேபிளைச் சொருகி ஒரு நாள் காத்திருந்தால் போதும். ஆனால் அன்றைக்கு என் சிநேகிதன் ஃபாயிஸ் குவைத்திலிருந்து வந்து திட்டக்குடியில் காத்துக்கொண்டிருந்தான். வெலிங்டன் ஏரி மீன் வறுவல். "மனிதக் கை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். யா அல்லாஹ், ஒரு தட்டு மீன்.

"போன தடவ எழுதுனது யாரு?" என்றார் அக்கா.

"நான்."

"கையெழுத்துப் போட்டது?"

"நீங்க."

"அப்ப ரெண்டு பேரும்தான்." அக்கா முறுக்குப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். 

கோதண்டபாணி நம்பவும் முடியாமல் நம்பாமலும் இருக்க முடியாமல் நின்றார். கடைசியில் கேட்டார். "எல்லாம் சரிங்க. அப்ப கொளஞ்சி ஏன் ஒத்துக்கிட்டான்? நான் அடிக்கல, மெரட்டல. நீங்க குடுத்த ரிப்போர்ட்ட படிச்சுக் காட்டுனேன். அவனாத்தான் எழுதிக் குடுத்தான். பண்ணாதவன் எழுதுவானா? அதுக்கு பதில் கொண்டாங்க. அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன்."

வண்டியை எடுத்தேன், அக்கா பின்னால் ஏறிக்கொண்டார். மணி மூன்றே முக்கால்.

மணவாளநல்லூரில் கொளஞ்சிநாதன் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலில் அவரே உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதுவே எனக்குத் தாங்கவில்லை. உள்ளே அவர் மனைவி திரௌபதி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா கோதண்டபாணிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "பேசாம கேளுங்க சார்," என்று சொல்லி திண்ணையில் கொட்டியிருந்த வேர்க்கடலைத் தொலிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கொளஞ்சி அண்ணே, நீங்க ஏன் அந்தப் பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பண்ணதாலதாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்று கூட இருந்தது.

"நீங்க சுவிட்சை அணைச்சது நெனவு இருக்குதா?"

"நெனவு இல்லீங்க. அதான் பயமா இருக்குது. நான் உக்கார்ற எடத்துக்குப் பின்னாலதான் சுவிட்சு. துண்ட எடுக்கறப்ப கை பட்டிருக்கும். படிச்சவங்க மூணு நாள் பாத்து எழுதியிருக்கீங்க, மனுசக் கைதான்னு. அங்க இருந்த மனுசன் நான் ஒருத்தன்தான். அப்ப நான்தானே?"

"அன்னையிலேர்ந்து இவரு ஒரு சுவிட்ச தொடறதில்ல," என்றார்கள் திரௌபதி வாசலுக்கு வந்து. "ஃபேனு போடணும்னாலும் நான்தான் வரணும். அடுப்புகிட்ட வர்றதில்ல. எங் கை எனக்குத் தெரியாம வேல செய்யுது திரௌபதி, வூட்ட கொளுத்திப்புடும்ங்கறாரு. இருவத்திரண்டு வருசம் நெருப்போட பொழைச்ச மனுசன்."

நாயகி அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர் சொல்லிவிடுவார், பெரியவர், சமாளித்துப் பேசத் தெரியும். நான் சும்மா நின்றால் போதும். என் பெயர் அந்த ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை.

"அண்ணே, நீங்க அணைக்கல," என்றேன். "யாருமே அணைக்கல. பெட்டிலதான் கோளாறு. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சோம். அந்த வரிய எழுதுனது நான். சரியாப் பாக்காம, அவசரத்துல எழுதிட்டேன்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப... எங் கை ஒண்ணும் பண்ணலியா?"

"பண்ணலண்ணே."

"நெசமாவா?"

"நெசமா."

திரௌபதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அழுகையோடே என்னைப் பார்த்துக் கேட்டார்கள். "ஒனக்கு என்னப்பா அவசரம் அப்ப?"

மீன் வறுவல் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அந்த ஒன்றை இன்றுவரை சொல்லவில்லை.

தொலிகளுக்கு நடுவிலிருந்து போன் கரகரத்தது. "கொளஞ்சி..." என்றார் கோதண்டபாணி. "நான் ஸ்டேஷனுக்குப் போவல. நாளைக்கு... நானே வூட்டுக்கு வரேன்."

"சரிங்க மொதலாளி," என்றார் கொளஞ்சிநாதன். சட்டென்று நினைவு வந்தவராக நிமிர்ந்தார். "மொதலாளி, நாளைக்கு வெள்ளிக்கிழம. பன்னெண்டுக்கு அமுக்கிடாதீங்க. நீங்க பட்டன அமுக்குன அந்த நொடியேதான் பச்ச வெளக்கு செவப்பாவும். மூணு தடவையும் எங் கண்ணால பாத்தேன்."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாட்காட்டி, ராகு காலம், பிள்ளையார் பலகை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு முறை எல்லாம் சுற்றிவந்து இன்றைக்கு நாங்கள் பிடித்த முனை, இவர் கண்ணில் மூன்று மாதமாக இருந்திருக்கிறது.

"அண்ணே, இத ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

கோபமே இல்லாமல் கேட்டார் அவர். "அன்னைக்கு என்ன யாரு தம்பி கேட்டீங்க?"

மூன்று நாள் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளும் டீ கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாய் அதிகம் என்று ஒரு கம்பெனியே விரட்டிய நான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.